ஆறாவது வார்டுக்குச் சாப்பாடு

மெட்ரோ திட்ட அலுவலகத்தில் மரகதவல்லிதான் தலைமைப் பொறியாளர். அவரிடம் பாதை போடக் கற்க வந்த செபஸ்தியான் அவரைவிட இரண்டு வயது மூத்தவர். இருபது வருடம் பாலம் கட்டியவர். ஆனாலும் தெரியாததைக் கேட்க வெட்கப்பட மாட்டார். அதனாலேயே மரகதவல்லிக்கு அவரைப் பிடிக்கும்.

எட்டு மாதமாக வரைந்த வரைபடத்தைச் செபஸ்தியான் அன்று மேசையில் விரித்தார். பதினோரு ஸ்டேஷன்கள். ஒவ்வொன்றையும் சுற்றி அரைக் கிலோமீட்டருக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் இருப்பவர்கள் எல்லாம் நடந்தே வந்துவிடுவார்கள் என்பது இந்தத் தொழிலில் வேதவாக்கு.

"பாதை சரியா இருக்கா மேடம்? திங்கட்கிழமை கூட்டத்துல வைக்கணும். அங்க ஒத்துக்கிட்டா அப்புறம் எதையும் நகர்த்த முடியாது."

"பெரியாஸ்பத்திரிக்கு எந்த ஸ்டேஷன்?"

"ஏழாவது. மைதானத்துல வருது. வட்டத்துக்குள்ளதான், நானூறு மீட்டர்."

மரகதவல்லி ஒரு டிபன் கேரியரை எடுத்து நீட்டினார். அலுவலக டிரைவர் மணிமாறனின் மனைவி ரேணுகா அந்த ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குப் படுத்திருந்தார்.

"ஆறாவது வார்டு. ரேணுகாவுக்குச் சாப்பாடு. மைதானம் வரைக்கும் ஜீப்புல போங்க. அங்கிருந்து நடந்து போங்க."

செபஸ்தியான் திரும்பி வரும்போது மணி இரண்டரை. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"நடுவுல ரயில்வே லைன் மேடம், ரெண்டு பக்கமும் சுவர். மேம்பாலத்தைச் சுத்தித்தான் போகணும். ரெண்டு கிலோமீட்டர்."

"ரேணுகா என்ன சொன்னா?"

"சோறு ஆறிடுச்சே சார், ஜீப் ரிப்பேரான்னு கேட்டாங்க."

மரகதவல்லி சிரிக்கவில்லை.

"லைனுக்கு மேல ஒரு நடைபாலம் போட்டுடலாம் மேடம். பாலம் எனக்குக் கைவந்த வேலை."

"அவ கால் எப்படி இருக்கு?"

"வீங்கியிருக்கு," என்றார் செபஸ்தியான். சொன்ன பிறகுதான் பாலத்தின் படிகள் நினைவுக்கு வந்தன; அவருக்கு அவமானமாக இருந்தது.

வரைபடத்தின் மேல் குனிந்தார். பிறகு ரப்பரை எடுத்து ஏழாவது வட்டத்தை அழித்தார். அது நகர்ந்தால் ஆறும் எட்டும் நகர வேண்டும். அவற்றையும் அழித்தார். எட்டு மாத வேலை; ஆனாலும் கை நிற்கவில்லை.

"திங்கட்கிழமை திட்டு விழும். விழட்டும். எங்கிருந்து ஆரம்பிக்கட்டும் மேடம்?"

"காலி கேரியரை வாங்கிட்டு வந்தீங்களா?"

"இல்லை. அவங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க."

"போய் வாங்கிட்டு வாங்க. அங்கிருந்து ஆரம்பிங்க."