துப்பு

முன்பொரு சமயம், காவல்துறையின் பெரிய பெட்டி ஒன்றினுள்ளே ஓர் எச்சில் துளி சிறையிருந்தது. பூக்கட்டும் வடிவாம்பாளின் நாவில் ஊறிய துளி அது. விடியலில் அவள் ஓதும் திருப்பாட்டிலே ஊறித் திளைத்தது.

கோயிலில் வெள்ளிக் கவசம் களவுபோனபோது, சந்நிதித் தெருவார் அனைவருடைய கன்னத்தின் உட்புறத்தையும் பஞ்சால் துடைத்தெடுத்தார்கள். "கள்வன் அகப்பட்டதும் அழித்துவிடுவோம்" என்றார்கள். கள்வன் அகப்பட்டான். கவசமும் மீண்டது. துளி மட்டும் மீளவில்லை.

"பெட்டி ஐயா, அவள் குற்றமற்றவள். என்னை அழித்துவிடுங்கள்" என்று அது நாள்தோறும் மன்றாடியது.

"குற்றமற்றவளுக்கு அச்சம் எதற்காம்?" என்று பெட்டி கெக்கலித்தது. "பேசாமல் கிட. நீ இனி எச்சில் அல்ல, துப்பு!"

ஒருநாள் கடலுக்கு அப்பாலிருந்து வேற்றுநாட்டுப் பெட்டி கூப்பிட்டது. "அண்ணாச்சி, எங்கள் அரசைக் கூட்டத்தில் ஏசிய ஒருவன் தேநீர்க் கோப்பையை விட்டுவிட்டு மறைந்துகொண்டான். யாரென்றே தெரியவில்லை. அவன் உதட்டு ஈரத்தின் அடையாளத்தை அனுப்புகிறேன். ஒத்துப்போகிறவர் உம்மிடம் உண்டா?"

அந்த ஈரத்தைத் துளி அறியும். வடிவாம்பாளோடு ஒரே தாயின் பாலைக் குடித்த வாய் அது. அங்கே வேலைக்குப் போயிருந்த தம்பி திருமேனியின் வாய்.

"சொல்லிவிடாதீர்! வாய் திறந்து பேசியதைத் தவிர அவன் என்ன செய்தான்?"

"இதற்குப் பெயர் தகவல் பகிர்வு" என்றது பெட்டி.

"தன் இலையில் இருப்பதை எடுத்துக் கொடுத்தால் அது பகிர்வு. அவள் எச்சிலை அள்ளி அந்நியன் இலையில் பரிமாற நீர் யார்? வெட்கங்கெட்டவரே!"

பெட்டி காதில் வாங்கவில்லை. "பாதி ஒத்துப்போகிறது. உடன்பிறந்தவள் இங்கேதான் இருக்கிறாள், பெயர் இது, தெரு இது" என்று ஒப்பித்துவிட்டது. அவளுக்கு அங்கே இருக்கும் தம்பி யாரென்று தேடிப் பிடித்தார்கள்; அன்று மாலையே திருமேனியின் கையில் விலங்கு ஏறியது.

செய்தி கேட்ட வடிவாம்பாள், விரலில் சுற்றிய நாரோடு பெட்டியின் முன் வந்து நின்றாள்.

"என் தம்பியைக் காட்டிக்கொடுத்தது யாரடா?"

"நீதான் அம்மா! எல்லாம் நீ கொடுத்த துப்பு" என்று பெட்டி இளித்தது. "ஒத்துழைப்புக்கு மிக்க நன்றி."

திருநாமமே ஊறிய வாயில் அன்று வேறொன்று ஊறியது. பெட்டியின் முகத்திலேயே அவள் காறி உமிழ்ந்தாள். அந்த ஈரத்தில், உள்ளே கிடந்த துளி இதுவரை அறியாத சூடு இருந்தது.

"இந்தா துப்பு! இதையும் பகிர்ந்துகொள்."