வண்டிக்குப் பயம் வருமா?

"மாஸ்டர், வண்டிக்குப் பயம் வருமா?"

கேட்டவன் செங்கோட்டுவேலு. அவனுக்கு மூச்சு வாங்கியது. வீட்டிலிருந்து இரண்டு தெரு, வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தான்.

"முதல்ல ஸ்டாண்டு போடுங்கண்ணா," என்றார் மாஸ்டர்.

மாஸ்டர் என்றதும் தாடியையும் காவியையும் நினைக்க வேண்டாம். பெயர் கோகிலவாணி. வேலுவைவிடப் பத்து வயது இளையவர். நாமக்கல்லில் கோழித்தீவனக் கடை வைத்திருந்தார். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. வண்டியை எங்கே சாய்ப்பது, எங்கே கியரைக் குறைப்பது என்று அந்த ஊர் பைக் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவர் எல்லாரையும் அண்ணா என்பார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்பார்கள். அது யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

மாஸ்டர் வீட்டுப் போர்டிகோவில் ஷாநவாஸ் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். அதே குழு. கையில் இட்லித் தட்டு.

"என்ன வேலு, பெட்ரோல் தீந்துருச்சா? பசங்க சைக்கிளையாவது எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?"

"வாயை மூடிட்டு சட்னியைத் தொட்டுக்கடா. இன்ஜின் ஆறியிருக்கணும், தள்ளிட்டுத்தான் வரணும்னு போன் மேல போன் போட்டது யாரு? நீதான?"

மழைக்காலம் முடிந்ததும் ஒரு சனிக்கிழமை காலையில் யாராவது ஒருவர் வீட்டில் கூடி வால்வு இடைவெளி பார்ப்பது அந்தக் குழுவின் வழக்கம். ராத்திரி முழுக்க ஆறிக்கிடந்த இன்ஜினைத்தான் அளக்க முடியும். ஓட்டிக்கொண்டு வந்தால் போச்சு, மத்தியானம் வரைக்கும் காத்துக்கிடக்க வேண்டும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அவனவன் இன்ஜினை அவனவன்தான் திறக்க வேண்டும். மற்றவர்கள் பேசலாம், கிண்டல் பண்ணலாம், டார்ச் அடிக்கலாம். கை வைக்கக் கூடாது.

வேலுவின் சங்கதி இதுதான். மழைக்கு முன்னால் நாற்பத்தாறாவது வளைவில் விழுந்தான். முழங்கையில் கொஞ்சம் தோல் போனது. வண்டியில் ஒரு இண்டிகேட்டர் போனது. பெரிய அடி ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் குழு மலை ஏறினால் வேலுதான் கடைசி. ஒவ்வொரு வளைவிலும் வண்டிகளை ஓரங்கட்டி அவனுக்காக நின்றார்கள். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அவனே பதில் சொல்லிவைத்தான்.

"வண்டியில இழுவையே இல்லப்பா. வால்வு டைட்டாயிருக்கும்போல."

நாளை ஞாயிறு. குழு மறுபடி கொல்லிமலை ஏறுகிறது. வேலு மனசுக்குள் முடிவு பண்ணியிருந்தான். வால்வில் கோளாறு இருந்தால் சரிசெய்துகொண்டு நாளைக்கு எல்லாரோடும் ஏறுவது. கோளாறு இல்லையென்றால் வண்டியை விற்றுவிடுவது. மச்சினன் ரொம்ப நாளாக அந்த வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பயம் வருமான்னு கேட்டேனே, மாஸ்டர்."

"திறந்து பாப்போம்ணா."

சீட்டைக் கழற்றினான். டேங்கைக் கழற்றி ஷாநவாஸின் மடிமேல் வைக்கப் போனான்.

"டேய், இட்லிடா!"

டேங்கைச் சாக்குமேல் வைத்தான். பிறகு இன்ஜின் தலையில் இருந்த இரண்டு சின்ன மூடிகளைத் திறந்தான். உள்ளே ஆயில் மினுங்கியது. ஒரு இரும்பு விரல், அதற்குக் கீழே வால்வின் உச்சி. வேலு ஒரு கண்ணை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"இதுதானா? இவ்வளவு சின்னதா? இடைவெளின்னு ஒண்ணுமே தெரியலையே."

"இருக்கும். முடி அளவுக்கு."

"முடி அளவுக்கு எதுக்கு? ஒட்டியே வெச்சுட்டா டிக்கு டிக்குன்னு சத்தமாவது வராதுல்ல?"

"ஓடி சூடாச்சுன்னா உள்ள எல்லாமே கொஞ்சம் நீளும்ணா. நீள எடம் வேணும். இல்லன்னா வால்வு முழுசா மூடாது. மூடலைன்னா இழுவை போயிரும்."

வேலு நிமிர்ந்தான். "அதான்! அதேதான் மாஸ்டர் என் வண்டிக்கு!"

"இன்னும் அளக்கவே இல்லையேண்ணா."

இன்ஜினைக் கையால் சுற்ற ஒரு போல்ட் உண்டு. அதில் ஸ்பேனரை மாட்டி மெதுவாகத் திருப்பினால், பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவு ஜன்னலில் டி என்ற குறி வந்து நிற்கும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். வேலு திருப்பினான். ஷாநவாஸ் டார்ச் அடித்தான்.

"வருது... வருது... நிறுத்து! வந்துருச்சு."

வேலு அளவுத் தகடுகளை விசிறி மாதிரி விரித்து, அதில் சரியான கனமுள்ளதை எடுத்து இடுக்கில் செருகப் பார்த்தான். நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தான். நுழையவில்லை. அதைவிட மெல்லியதை எடுத்தான். அதுவும் நுழையவில்லை. அடுத்த வால்வுக்குப் போனான். அங்கேயும் அதே கதை.

"பாத்தீங்களா! ரெண்டும் டைட்டு! துளி எடம் இல்ல!"

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆயில் கையோடு போனை எடுத்துக் குழுவுக்குக் குரல் பதிவு போட்டான்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. திறந்து பாத்தாச்சு. ரெண்டு வால்வும் செம டைட்டு. நான் அன்னைக்கே சொன்னேன், எவனும் காதுல வாங்கல. நாளைக்கு உங்க ஒருத்தரையும் வளைவுல நிக்க வைக்க மாட்டேன்."

ஷாநவாஸ் வாயைத் திறந்தான். மாஸ்டர் அவன் தட்டில் இன்னொரு இட்லி வைத்தார். ஷாநவாஸ் வாயை மூடிக்கொண்டான்.

வேலு ஸ்பேனரை எடுத்துப் பூட்டு நட்டில் மாட்டினான். அதைத் தளர்த்தினால்தான் இடைவெளியைக் கூட்ட முடியும்.

"அண்ணா. நட்டைத் தளர்த்தறதுக்கு முன்னாடி இன்னொரு சுத்து சுத்துங்க."

"எதுக்கு மாஸ்டர்? டி வந்து நிக்குதே."

"மறுபடியும் வரும்."

வேலு வேண்டாவெறுப்பாகச் சுற்றினான். மறுபடியும் டி வந்து நின்றது. அதே எழுத்து, அதே இடம். தகட்டைச் செருகினான்.

போய்விட்டது. கனத்த புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு தாளை இழுக்கிற மாதிரி, லேசாக உரசிக்கொண்டு போய் வந்தது. அதைவிடக் கனமான தகடு நுழையவில்லை. அடுத்த வால்விலும் அப்படியே. கச்சிதம்.

ஷாநவாஸ் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் தகடைக் குடுடா," என்றான் வேலு. "என்னுது தேஞ்சிருக்கும்."

ஷாநவாஸின் தகடும் அதையேதான் சொன்னது.

"எப்படி மாஸ்டர்? அதே டி. அதே வால்வு. அப்ப நுழையல. இப்ப நுழையுது."

"பிஸ்டன் உச்சிக்கு ரெண்டு தடவை வரும்ணா. ஒரு தடவை வால்வு ரெண்டும் மூடி சும்மா இருக்கும். இன்னொரு தடவை ஒண்ணு மூடிட்டிருக்கும், ஒண்ணு திறந்துட்டிருக்கும். முதல்ல நீங்க அளந்தது அப்ப. வேலையில இருக்கறப்ப இடைவெளி எங்கிருந்து வரும்?"

"இது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"இவனுக்கும்?"

ஷாநவாஸ் தலையாட்டினான். "இட்லி வெச்சுட்டாங்கடா. என்ன பண்ணச் சொல்ற?"

"ஏன் மாஸ்டர் சொல்லல? குரூப்பு பூரா சொல்லிட்டேனே!"

"வண்டி கெட்டுப்போச்சுன்னு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பாத்ததே இல்லண்ணா. ஏன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு."

வேலுவின் முகம் தொங்கிப்போனது. தரையில் உட்கார்ந்தான். போன் சிணுங்கியது. குழுவில் யாரோ கட்டைவிரல் போட்டிருந்தார்கள். இன்னொருத்தர் மாலை போட்ட மாதிரி ஒரு படம். அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

ரொம்பத் தணிந்த குரலில் கேட்டான்.

"மாஸ்டர், ஒண்ணு பண்ணலாமா? சும்மா லேசா தளர்த்தி வெச்சுக்கறேன். கெட்டுப்போகாத அளவுக்கு. ஏதோ ஒண்ணு செஞ்சோம்னு இருந்தா நாளைக்கு ஓட்டிருவேன். சத்தியமா ஓட்டிருவேன்."

ஷாநவாஸ் சிரிக்கப் பார்த்தான். மாஸ்டரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"பண்ணுங்கண்ணா," என்றார் மாஸ்டர். "உங்க இன்ஜின். உங்க ஸ்பேனர்."

வேலு எழுந்தான். ஸ்பேனரை நட்டில் மாட்டினான். அழுத்திப் பிடித்தான். நரம்பு புடைத்தது. தெருவில் தயிர்க்காரர் மணியடித்துக்கொண்டு போனார். மணிச்சத்தம் தெருமுனை திரும்பி ஓய்கிற வரைக்கும் அவன் அப்படியே நின்றான், பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி.

பிறகு ஸ்பேனரை எடுத்துவிட்டான்.

"என்னாச்சு?" என்றான் ஷாநவாஸ்.

"சரியா இருக்கறதை எப்படிடா கெடுக்கறது?"

"அப்ப மூடிருங்கண்ணா," என்றார் மாஸ்டர்.

மூடினான். ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினான். டேங்கை ஏற்றி, சீட்டை மாட்டி, துணியால் ஒருமுறை துடைத்தான். அவசியமே இல்லாமல் இன்னொருமுறையும் துடைத்தான்.

"மச்சினனுக்கு போன் போட்டுடறேன்," என்றான்.

"எதுக்கு?" ஷாநவாஸுக்குப் புரியவில்லை.

"வண்டியை எடுத்துக்கச் சொல்லி."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? மாஸ்டர், இவன் என்ன சொல்றான்னு கேளுங்க!"

மாஸ்டர் தடுக்கவில்லை. "போடுங்கண்ணா. வண்டி எப்படி இருக்குன்னு கேப்பாரே?"

"நல்லா இருக்குன்னு சொல்வேன். இப்பத்தான் அளந்தோமே."

"நல்லா இருக்கற வண்டியை ஏன் விக்கறீங்கன்னு கேட்டா?"

வேலு போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மச்சினன் பெயரில் விரலை வைத்தான். அழுத்தவில்லை.

"அவன் கேப்பான் மாஸ்டர். கேக்காம விட மாட்டான்."

"என்ன சொல்வீங்க?"

"எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லணும்."

சொல்லிவிட்டான். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது தெரிந்தது. ஷாநவாஸைப் பார்த்தான், இப்போது என்ன கிண்டல் வரப்போகிறதோ என்று.

"அடப்பாவி," என்றான் ஷாநவாஸ். "இத்தனை மாசமா மலையில நட்டநடு ரோட்டுல நிக்கறோம். முன்னாடியே சொல்லியிருந்தா பிளாஸ்க்ல டீயாவது கொண்டாந்திருப்போம்ல?"

வேலுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு மாதிரி ஆரம்பித்து வேறு எதுவோ ஆகப் பார்த்தது. துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஆயில் துணி. மூக்கில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

"விழுந்தது வலிக்கல மாஸ்டர். அது ஒண்ணுமே இல்ல. ஆனா வளைவு வந்தா கை தானா ஆக்சிலேட்டரை மூடிருது. நான் மூடல. கைதான் மூடுது. மேல நீங்க எல்லாம் நின்னு பாத்துட்டிருப்பீங்க. அதைப் பாத்ததும் இன்னும் மூடிக்குது."

"நாங்க நிக்கறதைப் பாத்தா?"

"ஆமா."

"இது எனக்குத் தெரியாதுண்ணா," என்றார் மாஸ்டர். குரலில் நிஜமாகவே ஆச்சரியம்.

வேலு போனில் மச்சினன் பெயரை விட்டுவிட்டுக் குழுவைத் திறந்தான். இந்த முறை பேசவில்லை, தட்டினான். 'வால்வு சரியா இருக்கு. நான்தான் தப்பா அளந்துட்டேன்.' அனுப்பினான். கட்டைவிரல் போட்டவர் அதை எடுத்துவிடவில்லை.

பிறகு வண்டியைக் கிளப்பினான். ஒரே உதை. டிக்கு டிக்கு என்று லேசான சத்தத்தோடு இன்ஜின் ஓடியது. அதைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

"நாளைக்கு வர்றேன் மாஸ்டர். ஆனா ஒண்ணு. எனக்காக எவனும் எந்த வளைவுலயும் நிக்க வேண்டாம். நீங்கபாட்டுக்குப் போய்ட்டே இருங்க. நான் கடைசியா மெதுவா வந்து சேர்றேன்."

"வேண்டாம்ணா. நீங்க முதல்ல போங்க."

"நானா?"

"ஆமா."

"முதல்லயா?"

"ஆமாண்ணா."

வேலு இன்ஜினை அணைத்தான். சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று பார்க்க.

"மாஸ்டர், நான் முன்னாடி போனா அத்தனை பேரும் என் பின்னாடி உருட்டிட்டுத்தான் வரணும்."

"உருட்டிட்டு வர்றோம்," என்றார் மாஸ்டர்.