ஒரே மாவு

அந்தப் பல்கலைக்கழகத்தில் சனிக்கிழமை மத்தியானம் முதலீட்டு வகுப்பு நடந்தது. கையில் இருக்கிற பணத்தை எங்கே போடுவது, எதோடு எதைச் சேர்த்துப் போடுவது என்று சொல்லித்தருகிற வகுப்பு. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அது பாடம். வெளியாட்களும் ஃபீஸ் கட்டி உட்காரலாம் என்று விதி இருந்தது. அந்த விதியை நம்பி வந்து உட்கார்ந்த ஒரே வெளியாள் அருமைநாயகம்.

நாற்பத்தாறு வயது. ஜங்ஷன் பக்கம் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். வகுப்பில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். பாடம் எடுத்த ஷமீமா மேடமும் அப்படித்தான் கூப்பிட்டார். மேடத்துக்கு முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். தன்னைவிடச் சின்னவரிடம் படிக்க அண்ணாச்சிக்குக் கூச்சமில்லை. கூச்சப்பட நேரமில்லை என்பதுதான் நிஜம்.

காரணம் அவருடைய அக்கா கிருபை. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தமாக ஒரு கதவு, ஒரு பூட்டு கிடையாது. வேலை பார்த்த வருஷமெல்லாம் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில்தான் போயிற்று. ஓய்வுக்காலப் பணம் மொத்தமாக வந்ததும் தம்பியைக் கூப்பிட்டார்.

"எனக்கு ஊசி போடத்தான் தெரியும். இதை நீயே நல்லதா பாத்துப் போட்டுரு."

பென்ஷன் சாப்பாட்டுக்கு ஆகும். அதற்கு மேல் அக்காவுக்கென்று இருந்தது இந்தப் பணம் மட்டும்தான். தன் பணம் என்றால் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். அக்கா பணம் போனால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது? அந்தப் பயம்தான் அண்ணாச்சியை வகுப்புக்குத் தள்ளிக்கொண்டு வந்தது.

வகுப்பில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இதை மூடி மறைத்துப் பிரயோஜனமில்லை.

போர்டில் மேடம் ஒரு வளைகோடு போட்டார். கீழே ரிஸ்க் என்று எழுதினார், பக்கவாட்டில் ரிட்டர்ன். இந்தக் கோட்டுக்கு மேலே யாராலும் போக முடியாது, கீழே நிற்பது வீண் என்றார். அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்குக் கழற்றிப் போட்ட மட்கார்டு மாதிரி இருந்தது. இருந்தாலும் தலையை ஆட்டினார்.

பக்கத்து பெஞ்சில் அபிதா என்று ஒரு பெண். பிளஸ் டூ முடித்து நேரே வந்து சேர்ந்தவள். மனசில் பட்டதை வாயில் நிறுத்திவைக்கத் தெரியாது.

"அண்ணாச்சி, புரியலன்னா தலையை ஆட்டாதீங்க. நீங்க ஆட்டுறதப் பாத்துதான் மேடம் அடுத்த பாடத்துக்குப் போறாங்க. எங்களுக்கும் புரியல."

அன்றைக்கே அண்ணாச்சி எழுந்து கேட்டுவிட்டார்.

"மேடம், ரிஸ்க்கே இல்லாம நல்லா வளர்ற மாதிரி ஒண்ணு சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்."

மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். போய் ஜன்னலைத் திறந்தார். காற்று குபீரென்று உள்ளே வந்தது. மேசை மேல் இருந்த தாள்கள் பறந்து கடைசி பெஞ்சுக்குப் போயின. பிள்ளைகள் ஓடிப் பொறுக்கினார்கள். மேடம் ஜன்னலைச் சாத்தினார். கரண்ட் வேறு இல்லை. கொஞ்ச நேரத்தில் எல்லார் சட்டையும் முதுகில் ஒட்டிக்கொண்டது.

"எது வேணும் அண்ணாச்சி?"

"ரெண்டும் வேண்டாம் மேடம்."

"அப்ப வெளியே போய் நில்லுங்க."

அண்ணாச்சி நிஜமாகவே வெளியே போய் நின்றார். அங்கே வெயில் மண்டையைப் பிளந்தது. இது தண்டனையா, பதிலா? தெரியவில்லை. உள்ளே திரும்பி வரலாமா என்றும் தெரியவில்லை. அபிதா வந்து கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

"என்னம்மா சொல்ல வந்தாங்க?" என்று அவளிடம் கேட்டார்.

"தெரியல. ஆனா நீங்க போய் நிப்பீங்கன்னு அவங்களே எதிர்பாக்கல."

அப்படியே வாரங்கள் போயின. ஒரு பாடம் மட்டும் அவருக்குப் புரிந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாதே, பிரித்துப் போடு. அடடா, இது நம் கடை விஷயமல்லவா. ஒரே கம்பெனி பிரேக் ஷூவை அடுக்கி வைத்தால் அந்தக் கம்பெனி மூடும்போது நாமும் மூட வேண்டியதுதான். அண்ணாச்சிக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு உட்கார்ந்து எட்டு மியூச்சுவல் ஃபண்டுகளைத் தேர்ந்தெடுத்தார். எட்டும் எட்டு கம்பெனி. எட்டுக்கும் வேறு வேறு பெயர். ஒரு தாளில் அழகாக எழுதி அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, முடிஞ்சுது. எட்டுல பிரிச்சுப் போடுதேன். எது போனாலும் மத்தது நிக்கும். பதினஞ்சு வருஷம் தொடாம இருந்தா எங்கயோ போயிரும்."

"சரிலே. இங்க ஆபீஸ்ல கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. மே மாசத்தோட குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணுமாம். நான் என்ன நெனைச்சேன்னா..."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கிடலாம்க்கா. நீ செக்குல கையெழுத்துப் போட்டு வை. திங்கக்கிழமை வந்து வாங்கிக்கிடுதேன்."

அக்கா ஏதோ சொல்ல வந்து, சரி என்று வைத்துவிட்டார்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் அண்ணாச்சி தாளை மேடத்திடம் நீட்டினார். நல்லா இருக்கு அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை வரும் என்று நின்றார். மேடம் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"வாங்க, கேன்டீனுக்குப் போவோம். அபிதா, நீயும் வா."

"மேம், நீங்க எதுக்கு கேன்டீனுக்கு..." என்று அபிதா ஆரம்பித்தாள். மேடம் அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். இந்தப் பெண் வாயை மூடுமா என்று அண்ணாச்சிக்கு ஆச்சரியம். ஏன் மூடினாள் என்று யோசிக்கவில்லை.

கேன்டீனில் சுவர் முழுக்க ஐட்டம் எழுதிய போர்டு. மூவரும் உட்கார்ந்தார்கள்.

"மூணு பேருக்கும் நீங்களே நல்லதா பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் மேடம்.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். கேன்டீன்காரர் தங்கப்பழம் தோளில் துண்டோடு வந்து நின்றார்.

"பொடி இட்லி கொண்டாரும்."

"இல்ல."

"இட்லி?"

"பொடி இட்லி இல்லன்னா இட்லி எப்படி இருக்கும்?"

"சரி, நெய் ரோஸ்ட்."

"இல்ல."

"ஊத்தப்பம்?"

"இல்ல."

"மசால் தோசை? வெங்காய தோசை? பணியாரம்?"

தங்கப்பழம் ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

"போர்டு மட்டும் இவ்வளவு நீளத்துக்கு எதுக்குவே எழுதிப் போட்டிருக்கீரு?"

"நேத்து சாயங்காலம் கிரைண்டர் மோட்டார் புகைஞ்சு போச்சு. மாவு ஆட்டல. மாவு இருந்தாத்தான் நீரு சொன்னது அத்தனையும். காலைலேர்ந்து வாத்தியாருங்க எல்லாரும் வந்து ஏசிட்டுத்தான் போறாங்க. நீரும் ஏசும்."

மேடம் அபிதாவிடம், "அண்ணாச்சி தாள்ல இருக்கிற ஃபண்டு எல்லாம் எந்தெந்தக் கம்பெனி ஷேரை வாங்கி வச்சிருக்குன்னு உன் போன்ல பாரு" என்றார்.

அபிதா பார்த்தாள். முதல் ஃபண்டு: ஒரு பெரிய பேங்க், ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி, ஓர் எண்ணெய்க் கம்பெனி. இரண்டாவது: அதே பேங்க், அதே எண்ணெய், அதே சாஃப்ட்வேர். மூன்றாவதைப் படிக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசிவரை படித்துவிட்டு போனைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி, எட்டும் ஒரே மாவு."

அண்ணாச்சி தாளைத் திரும்பப் பார்த்தார். திங்கட்கிழமை இதிலா போட இருந்தேன்? அடுத்த நிமிஷம் சந்தோஷமும் வந்தது. முதல் முறையாக ஒரு பாடம் முழுசாகப் பிடிபட்ட சந்தோஷம்.

"இவ்வளவுதானா மேடம்? பேரைப் பாக்கக் கூடாது, மாவைப் பாக்கணும். இப்பப் பாருங்க." தங்கப்பழத்தின் பக்கம் திரும்பினார். "பூரி இருக்கா? அது கோதுமை. லெமன் சாதம் இருக்கா? அது அரிசி. சுண்டல் கொண்டாரும், அது பட்டாணி. வாழைக்காய் பஜ்ஜியும் போட்டு எடும். எல்லாம் மூணு மூணு பிளேட். இதுல ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல."

நடுவில் அவர் போன் அடித்தது. அக்கா. அண்ணாச்சி அதை நிறுத்தி மேசை மேல் கவிழ்த்து வைத்தார்.

"எடுங்களேன்" என்றார் மேடம்.

"அக்காதான். சும்மா கூப்பிடுவா. நாம பாடத்தைப் பாப்போம்."

தட்டுகள் வந்தன. மேசை நிறைந்தது. பூரி உப்பிக்கொண்டு நின்றது. அண்ணாச்சி தன் கையாலேயே எல்லாவற்றையும் எடுத்து மேடத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தார். பரீட்சைத் தாளை நீட்டுகிற மாதிரி இருந்தது.

மேடம் தொடவில்லை.

"பூரி பிடிக்காதோ?"

"பிடிக்கும்."

"எண்ணெய் ஆகாதா?"

"ஆகும்."

"பசிக்கலையா?"

"நல்லா பசிக்குது."

"அப்ப சாப்பிடுங்க மேடம். ஆறிரும்."

"நான் நோன்பு அண்ணாச்சி."

அண்ணாச்சி சட்டென்று தட்டுகளைத் தன் பக்கம் இழுத்தார். வகுப்பு மேசையில் எப்போதும் இருக்கிற தண்ணீர் பாட்டில் இன்றைக்கு இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நேற்று சாயங்காலம் பள்ளிவாசல் முன்னால் கஞ்சி வாங்க வாளியோடு நின்றவர்களைப் பார்த்துக்கொண்டேதான் வீட்டுக்குப் போனார். பார்த்தார், அவ்வளவுதான்.

"இது உனக்குத் தெரியுமாம்மா?" என்று அபிதாவிடம் கேட்டார்.

"எல்லாருக்கும் தெரியும்."

"மேடம், ஆர்டர் பண்ணும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலையே."

"சரி, பார்சல் கட்டச் சொல்லட்டா? அப்புறமா சாப்பிடுங்க."

"பூரி அதுவரைக்கும் தாங்காது. பஜ்ஜி அதுக்கு முன்னாலயே சொதசொதன்னு ஆயிரும்."

"எதுவரைக்கும்?"

"ஆறரை வரைக்கும்."

"ஆறரைக்கு என்ன வேணும் உங்களுக்கு?"

"முதல்ல ஒரு டம்ளர் தண்ணி."

அண்ணாச்சி மேசையைப் பார்த்தார். கோதுமை, அரிசி, பட்டாணி, வாழைக்காய். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. எங்கே தப்பு? பிரித்துத்தானே சொன்னோம். மாவைப் பார்த்துத்தானே சொன்னோம். புரிந்தது என்று பிடித்து வைத்திருந்த ஒன்றும் கையை விட்டுப் போன மாதிரி இருந்தது. வெளியே போய் வெயிலில் நின்றுவிட்டு வரலாமா என்றுகூடத் தோன்றியது.

"மேடம், நான் நேராவே கேட்டுருதேன்" என்றார். "எனக்கு இந்த ஜன்னல், மாவு, நோன்பு எதுவும் மண்டையில ஏற மாட்டேங்குது. நான் கெட்டிக்காரன் இல்ல. எட்டையும் அடிச்சிருதேன். வேற எட்டு கூட எழுதுதேன். திங்கக்கிழமை அக்கா செக் குடுப்பா. அவகிட்ட வேற பணம் கிடையாது. அதை எதுல போடணும்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

மேடம் சிரிக்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த போனைப் பார்த்தார்.

"உங்க அக்கா எப்ப நோன்பு திறப்பாங்க அண்ணாச்சி?"

அண்ணாச்சி திருதிருவென்று விழித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மேடம், நாங்க சி.எஸ்.ஐ. கிறிஸ்தவங்க. அக்காவுக்கு நோன்பெல்லாம் கிடையாது."

அபிதா சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை. குனிந்து சுண்டலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவிழ்த்து வைத்த போன் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.

"தெரியும் அண்ணாச்சி" என்றார் மேடம். "நான் நேரத்தைத்தான் கேட்டேன்."