இருநூற்றுப் பதினாலு பேர்

குருவுக்கு வயது முப்பத்தி நாலு. சீடருக்கு ஐம்பத்தி மூணு. இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதே கிடையாது.

குரு ஹாஜரா, மேலப்பாளையத்தில் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்து, தரவுக் கிடங்கு கட்டுவது எப்படி என்று இணையத்தில் பாடம் நடத்துகிறவர். ஒரு நிறுவனத்தில் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கும் விவரங்களை ஒரே இடத்தில் ஒழுங்காகச் சேர்த்து வைத்து, கேட்டதும் பதில் வருகிற மாதிரி செய்யும் வேலை அது. சீடர் பிச்சையா, ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறையில் இருபத்தாறு வருஷம் தூசி தின்றவர். "மூணு மாசத்துல படிச்சு, நம்ம ஆஸ்பத்திரிக்கு ஒரு கிடங்கு கட்டிக் குடுங்க. முடியலன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுதோம்" என்று நிர்வாகி சொல்லிவிட்டார். அந்த வயதில் வேறு வேலைக்கு எங்கே போவது? ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது வகுப்பில் ஹாஜரா சொன்னார்: "நோயாளிகள் பட்டியல் போடும்போது, யார் பேரையும் எழுதுறதுக்கு முன்னாடி முதல் வரி ஒண்ணு போடுங்க. எண், மைனஸ் ஒண்ணு. பேர், தெரியாதவர்."

பிச்சையா மைக்கைத் திறந்தார்.

"யாருன்னே தெரியாத ஆளுக்கு எதுக்கு டீச்சர் முதல் எடம்?"

"வருவாங்க அண்ணாச்சி."

அவ்வளவுதான் பதில். ஹாஜரா அப்படித்தான். அதற்கு மேல் கேட்டால் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

பிச்சையா கிடங்கைக் கட்டினார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே கட்டினார். ஆஸ்பத்திரியின் ஐந்து கிளைகளுக்கும் யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள், என்ன வைத்தியம் என்று எல்லாம் ஒரே திரையில் வண்ணப் பட்டைகளாக எழும்பி நின்றன. நிர்வாகி ராஜரத்தினம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"எல்லாம் ஜோரா இருக்கு. இது என்னய்யா, தெரியாதவர் தெரியாதவர்னு ஒரு கறுப்புப் பட்டை? டிரஸ்டிங்க பாத்தா நம்ம வேலையே நமக்குத் தெரியலன்னுல்ல நினைப்பாங்க? எடுத்துருங்க."

அந்தப் பட்டையில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டூர் விலக்கு மையத்துக்கு வந்தவர்கள். நாற்கரச் சாலையிலிருந்து எட்டூருக்குப் பிரிகிற இடத்தில் இரண்டு கட்டில் போட்ட அவசர சிகிச்சை மையம். விபத்தில் அடிபட்டவர்களைத் தூக்கி வருவார்கள். கட்டுப் போட்டு, மூச்சு நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்குள் பேர் கேட்க எங்கே நேரம்? கேட்டாலும் சொல்லும் நிலையில் பலர் இருக்கமாட்டார்கள்.

பிச்சையா முதல் வரியை அழித்தார். கறுப்புப் பட்டை போய்விட்டது. அந்த வரியோடு ஒட்டியிருந்த, பேர் தெரியாதவர்களின் வருகைகளுக்கு ஒட்ட இடம் இல்லாமல், அவை தனியாக ஒரு கோப்பில் போய் விழுந்தன. தள்ளப்பட்டவை என்று அதற்குப் பேர். கிடங்கில் ஏற்றுவதற்கு முன்னால் எத்தனை, ஏற்றிய பின்னால் எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று ஹாஜரா தலைபாடாகச் சொல்லியிருந்தார். பிச்சையா ஒப்பிடவில்லை. நிர்வாகி முதுகில் தட்டிக்கொடுத்த சந்தோஷத்தில் இருந்தார் மனுஷன்.

பத்து நாள் கழித்து எட்டூர் விலக்கிலிருந்து போன் வந்தது. அங்கே பொறுப்பில் இருக்கும் நர்ஸ், சிஸ்டர் புளோரா.

"அண்ணாச்சி, வருஷத்துக்கு ஐநூறு பேர் வராத கிளையை மூடப்போறாங்களாம். எங்களுக்கு முந்நூத்தித் தொண்ணூத்தி ஏழுன்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுதாம். திங்கக்கிழமை மீட்டிங்ல முடிவாம்."

"அவ்வளவுதான் வந்தாங்களோ என்னமோ சிஸ்டர்."

"நான் அறுநூத்தி பதினோரு பேருக்குக் கட்டுப் போட்டிருக்கேன். நோட்டு இருக்கு." அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "இங்க இருந்து அடுத்த ஆஸ்பத்திரி முப்பத்தெட்டு கிலோமீட்டர் அண்ணாச்சி. அதுக்குள்ள ரத்தம் தாங்காது."

போனை வைத்ததும் பிச்சையா தாளை எடுத்தார். கழித்துப் பார்த்தார். இருநூற்றுப் பதினாலு. தள்ளப்பட்டவை கோப்பைத் திறந்தார். இருநூற்றுப் பதினாலு.

ஞாயிறு காலை வகுப்பில் நடந்ததை மறைக்காமல் சொன்னார். திரையில் இன்னும் பதினோரு பேர் சின்னச் சின்னக் கட்டங்களில் இருந்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னார்.

"அழிச்ச வரியைத் திரும்பச் சேர்த்து, எல்லாத்தையும் மறுபடி ஏத்தணும் டீச்சர். எப்படின்னு சொல்லுங்க. ரொம்ப நேரம் ஆகுமா?"

"ஒரு நிமிஷம் ஆகும்."

"அப்ப இப்பவே..."

"அந்தக் கோப்பைத் திறங்க அண்ணாச்சி. குறிப்புன்னு ஒரு பத்தி இருக்கும். வாசிங்க."

"எதை?"

"முதல்ல இருந்து."

ஹாஜரா ஒரு பேனாவும் தாளும் எடுத்து வைத்துக்கொண்டார். மற்றவர்களிடம், "நீங்க இருக்கதுன்னா இருங்க, போறதுன்னா போங்க" என்றார். பஸ் வந்துவிட்டதென்று ஒருவர் மட்டும் போனார்.

பிச்சையா வாசித்தார். எல்லாம் சிஸ்டர் புளோராவின் எழுத்து. பேர் தெரியாததால், கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி வைத்திருந்தார்.

"ஆண். வயது ஐம்பது இருக்கும். பச்சைக் கட்டம் போட்ட கைலி. வலது முழங்காலில் பழைய தழும்பு."

ஹாஜரா தாளில் ஒரு கோடு போட்டார்.

"பெண். இருபத்தைந்து. மஞ்சள் சேலை. கழுத்தில் தாலி இருக்கிறது. மூணு மாசக் கர்ப்பம் என்று தோன்றுகிறது."

இன்னொரு கோடு.

"ஆண். அறுபதுக்கு மேல். சட்டைப்பையில் மூக்குப்பொடி டப்பா. தண்ணீர் கேட்டார்."

ஆரம்பத்தில் பிச்சையா கடகடவென்று வாசித்தார், கடமைக்கு வாசிக்கிற மாதிரி. முப்பதைத் தாண்டியதும் வேகம் குறைந்தது. நாற்பத்தி ஏழாவதில் நின்றுவிட்டார். பிறகு மெதுவாக வாசித்தார்.

"பையன். ஆறு வயசு. இடுப்பில் வெள்ளி அரைஞாண். கூட வந்தவர்கள் யாரும் பேசும் நிலையில் இல்லை. அழவில்லை."

ஹாஜரா கோடு போடும் சத்தம் மட்டும் கேட்டது.

"டீச்சர், எல்லாரையும் வாசிக்கணுமா?"

"எல்லாரையும்தானே தள்ளுனீங்க அண்ணாச்சி."

வாசித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். காலைப் பலகாரம் ஆறிப்போய்விட்டதென்று அவர் மனைவி வந்து எட்டிப் பார்த்து, அவர் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் போய்விட்டார். கடைசி ஆளை முடிக்கும்போது மணி பத்தே முக்கால்.

"எத்தனை?" என்று கேட்டார் ஹாஜரா.

"இருநூத்தி பதினாலு."

"எனக்கும் அதான் வருது. இப்ப ஏத்துங்க."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை கூட்டத்தில் பிச்சையா யாரும் கூப்பிடாமலே எழுந்து நின்றார். வேலை போனால் போகட்டும் என்று நினைத்தாரா என்றால், இல்லை. போய்விடக்கூடாதே என்று பயந்துகொண்டேதான் பேசினார்.

"நான் போன தடவை குடுத்த எண்ணிக்கை தப்பு. எட்டூர் விலக்குல அறுநூத்தி பதினோரு பேர் வந்திருக்காங்க. பேர் தெரியாதவங்களை நான் விட்டுட்டேன்."

நிர்வாகி ராஜரத்தினம் தலையைக் குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரஸ்டிகளில் வயதான ஒருவர் கேட்டார். "விட்டுட்டீங்களா, விடச் சொன்னாங்களா?"

"கை என்னோடது சார்."

ராஜரத்தினம் நிமிர்ந்து பார்த்தார்.

மையத்தை மூடவில்லை. பிச்சையாவின் வேலையும் போகவில்லை. ஆனால் கூட்டம் முடிகிற நேரத்தில் அந்த டிரஸ்டி ஒரு விஷயம் சொன்னார். பேர் தெரிந்தவர்களின் விவரம் இருக்கட்டும், திரும்ப வருவார்கள். பேர் தெரியாதவர்களின் குறிப்புகளை எத்தனை காலம்தான் சுமப்பது? எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு வருஷமானதும் குறிப்புகளை அழித்துவிடலாமே. கிடங்கைக் கட்டினவர் பிச்சையாதான், எத்தனை நாள் என்று அவரே எழுதித் தரட்டும் என்று முடிவானது.

சாயங்காலம் பிச்சையா ஹாஜராவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தார். ஹாஜரா கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எழுதிக் குடுக்கணும் டீச்சர். ஒரு வருஷம் போதும்னு எனக்கும் தோணுது. அதுக்கு மேல யாரு தேடி வரப்போறா? பொதுவா எத்தனை நாள் வைப்பாங்க?"

ஹாஜரா எண்ணைச் சொல்லாமல் வேறு ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார்.

"எங்க வாப்பா ஜவுளி வியாபாரத்துக்குப் போன மனுஷர், திரும்பி வரல அண்ணாச்சி. தேடாத ஊரில்ல. கடைசில ஒரு துப்புக் கிடைச்சு, உம்மாவைக் கூட்டிக்கிட்டு அந்த ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிக்கும்போது ஏழு வருஷம் ஆயிட்டு. ஒரு அம்மா உள்ள போய் பழைய நோட்டு ஒண்ணை எடுத்துட்டு வந்தாங்க. ஆண், வயது ஐம்பத்தஞ்சு இருக்கும், இடது காதுக்குக் கீழ மச்சம், மகள் பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தார்னு எழுதியிருந்துச்சு."

பிச்சையா பேனாவைத் தேடி எடுத்தார்.

"எத்தனை நாள்னு நீங்களே எழுதிக்கோங்க" என்றார் ஹாஜரா.