நான்கு முறை நின்றவர்

அவசரமில்லாமல் கேட்கவேண்டிய கதை இது. விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது. போகிற வழியில் கண்ணில் பட்டால் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சவரிமுத்துவுக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருடம் கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்தவர். கல்தூசி நுரையீரலில் படிந்துவிட்டது. இனி அது போகாது. கிரஷரில் ஒரு நடைமுறை உண்டு. மேஸ்திரியின் கண் முன்னால் மூச்சு வாங்கினால் மறுநாள் வேலை கிடையாது. அதனால் அங்கே யாரும் மூச்சு முட்டும்போது சும்மா நிற்கமாட்டார்கள். தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டுவார்கள். செருப்பில் இல்லாத கல்லைத் தட்டுவார்கள். சவரிமுத்து இதில் கெட்டிக்காரர். வேலையை விட்டு மூன்று வருடமாகியும் பழக்கம் விடவில்லை. வாசலிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் சுவரில் மாட்டிய காலண்டர் முன்னால் ஒருமுறை நின்றுவிட்டுத்தான் போவார்.

ஊருக்கு வெளியே ஒரு பூச்செடிப் பண்ணை. வாசலில் உட்கார்ந்து காவல் பார்க்க ஆள் தேடினார்கள். தூசி இல்லை, சுமை இல்லை. ஆனால் இரண்டு கிலோமீட்டர் தூரம், பஸ் கிடையாது. மனைவி பிலோமினா அவரைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவாள்தான். ஆனால் காலையில் அவள் பள்ளிக்கூடச் சமையலுக்குப் போயாகவேண்டும். "தானா வந்து சேர முடிஞ்சா ஒண்ணாம் தேதியிலேருந்து வரச் சொல்லு" என்று அவளிடம் சொன்னார் பண்ணைக்காரர். அரசு கொடுக்கும், பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டி கிடைத்தால் வேலை உண்டு. இல்லையென்றால் இல்லை.

மருத்துவ முகாமில் பிலோமினா விண்ணப்பத்தை நிரப்பி, வரிவரியாக அவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் மைப்பெட்டியை வாங்கிக் கட்டைவிரலை அழுத்திப் பதித்தார்.

மருத்துவர் இம்தியாஸ் விதியைச் சொன்னார். "நோய் இருக்குங்கிறதுக்கு எக்ஸ்ரே போதும். நடை மட்டும்தான் பாக்கி. ஆறு நிமிஷத்துல இருநூறு மீட்டருக்குக் கீழே நடந்தா வண்டி. அதுக்கு மேலே நடந்தாலும், மூச்சுக்காக மூணு தடவையாவது நின்னிருந்தா வண்டி."

பிலோமினா கணவரின் காதருகே குனிந்தாள். "என்னங்க, நாலு எட்டு வச்சிட்டு உக்காந்துருங்க. மானம் ஒண்ணும் போயிராது."

"சரிட்டி, உக்காந்துருதேன்" என்று வாக்குக் கொடுத்தார் சவரிமுத்து.

தாழ்வாரத்தின் நீளம் முப்பது மீட்டர். இருபுறமும் பெஞ்சுகளில் ஆட்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். கடைசியில் சுவரில் கொசு ஒழிப்பு பற்றி ஓர் அறிவிப்புப் பலகை. செவிலியர் கோமதி கையில் கடிகாரத்தோடு கூட நடந்தாள்.

"அண்ணாச்சி, பொண்ணு பாக்கவா போறிய? மெதுவா நடங்க."

"அதெல்லாம் பாத்தாச்சு தாயி. அன்னா பெஞ்சுல உக்காந்திருக்கா."

அந்தக் கோடிக்குப் போனதும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பலகையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். கண்கள் வரிகளின் மேல் இடமிருந்து வலமாகப் போய்வந்தன. பிறகு திரும்பினார். ஆறு நிமிடம் முடிந்தபோது தாழ்வாரத்தை எட்டுமுறை கடந்திருந்தார். இருநூற்று நாற்பது மீட்டர். பலகையின் முன்னால் நின்றது நான்கு முறை. ஒருமுறைகூட உட்காரவில்லை.

"மூச்சுக்காக நின்றது: நான்கு முறை" என்று கோமதி எழுதினாள்.

மருத்துவர் சவரிமுத்துவைப் பார்த்தார். "மூச்சு வாங்கவா நின்னீங்க?"

சவரிமுத்து மூச்சை விழுங்கிக்கொண்டு சொன்னார். "இல்ல சார். போர்டு படிச்சேன்."

பிலோமினா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சட்டென்று மூடிக்கொண்டாள். பிறகு, "மூச்சுக்குத்தான் சார் நின்னாரு" என்று மட்டும் சொன்னாள்.

"நீ சும்மா கிட" என்றார் சவரிமுத்து.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "நோயாளியே இல்லைங்கிறார். வீட்டம்மா ஆமாங்கிறாங்க. சிஸ்டர், நீங்க நாலுன்னு எழுதியிருக்கீங்க. நான் யாரை நம்பிக் கையெழுத்துப் போட?"

கோமதி தான் எழுதிய தாளை அடியில் தள்ளி, விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தை மேலே வைத்தாள்.

கேட்டவர்களே, மூவரில் யார் சொன்னதை மருத்துவர் ஏற்கவேண்டும்? சவரிமுத்துவிடம் இன்னொரு வார்த்தை கேட்காமலே அதற்கான சான்று அவருக்கு எங்கே கிடைத்தது?

விடை: கோமதி எழுதியதைத்தான் ஏற்கவேண்டும். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்குப் பதில் இருந்தது கட்டைவிரல் ரேகை. படிக்கத் தெரியாதவர் பலகை முன்னால் நான்கு முறை நின்றது எதற்காக என்பது அதிலேயே இருக்கிறது. பிலோமினா வாயைத் திறந்தது அதைச் சொல்லத்தான். ஒரே வாக்கியத்தில் வண்டியை வாங்கியிருக்கலாம். தாழ்வாரம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்ததால் அவள் அதை விழுங்கினாள். நான் மருத்துவரின் நாற்காலியில் இருந்திருந்தால், "போர்டில் என்ன போட்டிருக்கு, சொல்லுங்க" என்று கேட்டிருப்பேன். விதிப்படி அது நியாயமான கேள்வி. பிறகு அதற்காக வெட்கப்பட்டிருப்பேனா என்பதுகூட நிச்சயமில்லை. இம்தியாஸ் கேட்கவில்லை. ரேகையைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், தாளை நீட்டினார். "அண்ணாச்சி, வண்டி வந்ததும் ஒருநாள் இங்கே வாங்க. உக்காந்து படிங்க. நின்னு படிச்சா யாருக்கும் மூச்சு வாங்கும்."