வேலிக்கு இந்தப் பக்கம் மூணு சுரைக்குழி

ஒரு ஊர்ல ஒரு வேலி இருந்துச்சாம். ஓலை வேலி. அந்தப் பக்கம் ஒருத்தி கொல்லை, இந்தப் பக்கம் இன்னொருத்தி கொல்லை. கண்ணை மூடிக்கிட்டுக் கேளு பாப்பா. உங்கம்மா காலையில வந்துருவா, அதுவரைக்கும் பெரியம்மா பக்கத்துலதானே இருக்கேன். நீ "ம்" சொன்னாத்தான் கதை நகரும்.

ம்.

இந்தப் பக்கத்துக்காரி பேரு காத்தாயி. நல்லவதான், கொஞ்சம் வயித்தெரிச்சல் பிடிச்சவ. அந்தப் பக்கத்துக்காரிக்குப் பேரு எதுக்கு, நெட்டச்சின்னு வச்சுக்கோ. பனைமரம் கணக்கா இருப்பா. கல்யாணம் கட்டி அந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகலை. ரெண்டு பேருக்கும் ஆளுக்குப் பத்து சென்ட்டுதான் நிலம். அதுல வர்ற காய்கறிதான் பிழைப்பு.

நம்ம ஊர் மாதிரியே அங்கயும் ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துவாங்க. தொட்டுக்க ஊருக்கே ஒரே அண்டாவுல சுரைக்காக் கூட்டு. யாரு கொல்லையில இருந்து சுரைக்கா அதிகமா வருதோ அவங்கதான் அகப்பையைப் பிடிச்சு எல்லாருக்கும் போடணும். ஏழு வருஷமா அந்த அகப்பை காத்தாயி கையிலதான். புள்ளை இல்லாதவ பாரு, நல்ல காரியத்துல முன்னால வந்து நில்லுன்னு அவளை ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. அந்த ஒரு நாள்தான் ஊரே அவ முன்னாடி கிண்ணத்தை நீட்டிக்கிட்டு நிக்கும்.

ம்.

அப்புறம், சித்திரை மழை சோன்னு பெஞ்சுது. ரெண்டு பேரும் ஆளுக்கு மூணு குழி வெட்டிச் சுரை விதை போட்டாங்க. கொஞ்ச நாள்ல நெட்டச்சி கொடி மொழுமொழுன்னு கிளம்பிடுச்சு. காத்தாயி கொடி சுரத்தே இல்லாம நின்னுது. அவளுக்கு வயிறு பகபகன்னுச்சு. நெட்டச்சிகிட்டக் கேட்டா சொல்லித் தருவா. ஆனா நேத்து வந்தவகிட்டப் போய்க் கேக்கறதா? அதனால ஊரே சாப்பிட்டுக் கண்ணசர்ற மத்தியானமாப் பார்த்து, சரசரன்னு போய் வேலி ஓட்டையில ஒரு கண்ணை வச்சுட்டா.

அப்போ நெட்டச்சி கொடியைச் சுத்தி எருவைப் போட்டு, ஈரம் காயாம இருக்க மேல சருகைப் பரப்பிக்கிட்டிருந்தா. அட, இவ்வளவுதானான்னு காத்தாயி ஓடினா. அவ ஒரு கூடைன்னா நான் மூணு கூடைன்னு, அன்னைக்குக் காலையில மாடு போட்ட சாணியை வாரி மொத குழியில தொப்புதொப்புன்னு கொட்டினா. நெட்டச்சி போட்டது ஒரு வருஷம் மக்கின எரு. ஓட்டை வழியா பார்த்தா மக்கினதா பச்சையான்னு தெரியுமா? பச்சைச் சாணி சூட்டுல வேர் வெந்து, நாலே நாள்ல கொடி கருகிப்போச்சு. காத்தாயி என்ன சொன்னா தெரியுமா? நெட்டச்சி கண்ணு பட்டுடுச்சுன்னா.

ம்.

அப்புறம் கொடி பந்தல் ஏறுச்சு. திரும்பவும் சரசர, திரும்பவும் ஓட்டை. நெட்டச்சி கொடி நுனியை நறுக்குன்னு கிள்ளினா. நுனியைக் கிள்ளினா பக்கத்துல கிளை விடும், காய் பிடிக்கற பூ அந்தக் கிளையிலதான் நிறைய வரும். காத்தாயி கண்டது கிள்ளினதை மட்டும்தான். தன் ரெண்டாவது குழியில நுனியைக் கிள்ளினா. கிளை வந்துது, அதையும் கிள்ளினா. நறுக், நறுக், நறுக். கடைசியில பந்தல்ல ஒரு மொட்டைக் குச்சிதான் மிச்சம்.

சிரிக்காத. சிரிச்சா தூக்கம் போயிரும்.

மிச்சம் ஒரு குழி. சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். நெட்டச்சி ஒரு பூவைப் பறிச்சு இன்னொரு பூ மேல தடவிக்கிட்டே வாய்க்குள்ள முணுமுணுன்னு என்னமோ சொல்லிக்கிட்டிருந்தா. மந்திரம்னு நினைச்சா காத்தாயி. சுரையில ஆம்பளப் பூ வெறும் காம்புல நிக்கும், பொம்பளப் பூவுக்குக் கீழ சுண்டுவிரலாட்டம் ஒரு பிஞ்சு இருக்கும். ஆம்பளப் பூவைப் பறிச்சுப் பொம்பளப் பூவுல தடவணும். இவளுக்கு அது தெரியலை. பிஞ்சோட இருந்த பூவாப் பார்த்துப் படக்படக்குன்னு பறிச்சு, வெறும் பூவுல தேய்ச்சா. மந்திரத்துக்கு, "மாரியாத்தா, அந்த நெட்டச்சி கொடி நாசமாப் போகணும்"னு சொல்லிக்கிட்டா. ஒரு பிஞ்சு மிச்சமில்லை. மூணு குழியும் போச்சு.

ம்.

கூழ் ஊத்தறதுக்கு மொத நாள். காத்தாயி அரிவாளை எடுத்து முந்தானையில மறைச்சுக்கிட்டு, மத்தியானம் வேலியைத் தாண்டிட்டா. பந்தல் முழுக்கச் சுரைக்கா, தலையில இடிக்குது. குனிஞ்சு கொடி மூட்டுல அரிவாளை வச்சா. அப்போ பந்தலுக்குப் பின்னாடி இருந்து ஒரு குரல்.

"மூணு மாசமா அந்த ஓட்டையில நிக்கறீங்களே அக்கா, கால் கடுக்கலையா? உங்க கண்ணுல படட்டும்னுதான் எல்லாத்தையும் வேலி ஓரத்துலயே செஞ்சேன்."

நெட்டச்சி திட்டியிருந்தா காத்தாயி கொடியை வெட்டியிருப்பா. அரிவாளைக் கீழ போட்டுட்டு, ஜென்மத்துல மொத தடவையா ஒருத்திகிட்டக் கேட்டா.

"அந்த மந்திரம் என்னடி?"

"மந்திரமா? தடவின பூவை எண்ணிக்கிட்டிருந்தேன்க்கா."

அப்புறம் நெட்டச்சி அவ கையைப் பிடிச்சு, எது மக்கின எரு, எதைக் கிள்ளணும், எந்தப் பூவை விடணும்னு ஒண்ணொண்ணா காட்டினா.

"அகப்பை யாருக்கு பெரியம்மா?"

நெட்டச்சிக்குத்தான். காத்தாயிக்கு விட்டுக்குடுத்தான்னு நினைச்சியா? அதெல்லாம் இல்லை. காத்தாயி கிண்ணத்தோட வரிசையில நின்னா. கூட்டு ருசியா வேற இருந்துது, அதுல இன்னும் எரிச்சல். அடுத்த வருஷம் இவ பந்தலும் நிறைஞ்சுது, ஆனா அவ பந்தல்ல எப்பவும் ரெண்டு காய் கூட.

"பெரியம்மா, எங்கம்மாவும் நெட்டைதானே?"

இன்னும் தூங்கலையா நீ? ஆமாடி, நெட்டைதான். பக்கத்து ஊர்க்காரங்க சுரைக்கொடி கிள்ளச் சொல்லித் தரணும்னு அவளைக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. நானும் அதே மாதிரிதான் கிள்ளறேன், என்னைக் கூப்பிட்டாங்களா? எரிச்சல் போகலை பாப்பா, பொய் எதுக்குச் சொல்லணும். காய்ல என்னை மிஞ்சினா, அகப்பையில மிஞ்சினா, கடைசியில உன்னையும் அவதான் பெத்து வச்சிருக்கா. எல்லாத்தையும்விட அதுதான் எனக்குத் தாங்கலை. அது தெரிஞ்சுதானோ என்னவோ, எங்க போனாலும் உன்னை வேலிக்கு மேல தூக்கி என் கையில குடுத்துட்டுப் போறா.

இன்னைக்கு ஒரு ராத்திரி நீ வேலிக்கு இந்தப் பக்கம். ம் சொல்லு.

சொல்ல மாட்டியா? சரி. கொடியும் காய்ஞ்சுது, கதையும் ஓய்ஞ்சுது, தூங்கு.