சென்பியின் காய்ந்த கலயம்

நைல் நதிக்கரையில் பிரமிடுகளின் கற்கள் இன்னும் புது வெள்ளையாகப் பளிச்சிட்ட முன்னொரு காலத்தில், கெப்ரிமோஸ் என்றொரு மன்னர் ஆண்டுவந்தார். அவருடைய அரசி நெபெத் சிரித்த முகத்துக்காரி. மூன்றே நாள் காய்ச்சலில் அவள் கண்ணை மூடினாள். அன்றிலிருந்து மன்னருக்கு ஒரு பிடிவாதம் பிடித்துக்கொண்டது.

அந்த நாட்டில் இறந்தவரின் உடலை உப்பில் இட்டு, எண்ணெய் பூசி, துணி சுற்றி, எழுபதாம் நாள் பாறைக் கல்லறையில் வைப்பார்கள். உடல் கெடாமல் இருந்தால்தான் மறுஉலகில் வாழ்வு உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. மன்னர் ஆணையிட்டார்:

"என் அரசியோடு இந்நாட்டின் கண்ணீரும் போகவேண்டும். வீட்டுக்கு ஒரு கலயம் தரப்படும். குடும்பத்தலைவன் தன் கண்ணீரை அதில் பிடித்துத் தரவேண்டும். காய்ந்த கலயம் தருபவன் எவனோ, அவன் இறக்கும்போது அவன் உடலுக்குத் துணி சுற்றக்கூடாது. முதலைக்கு எறிந்துவிட வேண்டும்."

சாவதற்கே அஞ்சாத வீரர்களும் இதைக் கேட்டு நடுங்கிப்போனார்கள். முதலை தின்ற உடலுக்கு மறுஉலகம் ஏது?

கலயங்களில் வீட்டுக்காரர் பெயரை எழுதி விநியோகிக்கும் பொறுப்பு தலைமை எழுத்தர் ரெகூமிக்கு வந்தது. அரண்மனை விகடகவி சென்பியின் பெயரை அவர் தம் கையாலேயே, கொட்டை எழுத்தில் எழுதினார். அரசி உயிரோடு இருந்தவரை விருந்துகளில் சென்பிக்கு முன்வரிசை, ரெகூமிக்குப் பின்வரிசை. அந்த எரிச்சல் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

ஊரெங்கும் வெங்காயத்துக்குக் கிராக்கி ஏறியது. சென்பியின் மனைவி தாயாவும் ஒன்றை உரித்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஊரே இப்படித்தான் செய்யுது. உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"எனக்கு அழுகை வரல தாயா."

"அரசி மேல பாசம் இல்லையா?"

சென்பி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். "முதல்நாள் சபையில நான் நீர்யானை மாதிரி நடந்து காட்டினப்போ ஒருத்தரும் சிரிக்கல. அவங்க ஒருத்தர்தான் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பாலதான் இந்த வீட்டுல அடுப்பு எரியுது. அவங்க போயிட்டாங்கன்னு நெனச்சா நெஞ்சு கல்லாயிடுது. ஒரு சொட்டு வரமாட்டேங்குது."

"அப்போ ஆத்துத் தண்ணியில உப்பைப் போட்டு ஊத்துங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"அவங்க முன்னாடி ஒருநாளும் நான் பொய்யாச் சிரிச்சதில்ல. இப்போ பொய்யா அழுது குடுக்கச் சொல்றியா?"

தாயா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "உங்களை முதலைக்குப் போட்டுட்டா, நான் செத்து அந்தப் பக்கம் வந்து யாரைத் தேடுவேன்? அங்கேயும் நான் தனியாவே இருக்கணுமா? சொல்லுங்க."

பதினைந்து வருடமாக யார் எதைக் கேட்டாலும் சட்டென்று பதில் சொல்லிப் பழகியவன் சென்பி. அன்றோ காலிக் கலயத்தின் வாயை மெழுகால் அடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அறுபத்தொன்பதாம் நாள் சபை கூடியது. மெழுகால் வாய் அடைத்த கலயங்கள் மண்டபம் நெடுக வரிசை வரிசையாக நின்றன. ரெகூமி ஒரு கலயத்தை எடுத்துவந்து, மெழுகை உடைத்து மன்னர் காலடியில் கவிழ்த்தார். ஒரு துளிகூட விழவில்லை.

"அரசே, அரசியாரின் உப்பைத் தின்று வளர்ந்த சென்பியின் கலயம் இது. தங்கள் ஆணையின்படி இவன் உடலுக்குத் துணி கிடையாது என்று ஏட்டில் எழுதிவிடட்டுமா?"

மன்னர் சென்பியைப் பார்த்தார். அழுதழுது மன்னரின் கண்கள் சிவந்திருந்தன. "உனக்கு அவள் என்ன குறை வைத்தாள், சென்பி?"

பெண்கள் பக்கத்தில் தாயா தூணைப் பிடித்தபடி நிற்பது தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் பார்வையைத் திருப்பினான். அங்கே பூசாரி ஒருவர், அரசியோடு வைக்கவேண்டிய பாப்பிரஸ் என்னும் நாணல்தாள் சுருளை ஏந்தி நின்றார். மறுஉலக நீதிமன்றத்தில் இதயத்தைத் தராசில் வைக்கும்போது, இறந்தவர் சொல்லவேண்டிய வாக்குமூலம் அதில் இருந்தது. அது பொய்யானால் இதயம் கனத்துத் தராசு தாழும்; மறுஉலக வாழ்வு கிடையாது. எத்தனையோ சாவு வீடுகளில் சென்பி அதைக் கேட்டிருக்கிறான். அதிலிருந்த ஒரு வரி சட்டென்று அவன் நினைவுக்கு வந்தது.

"அரசே, பதில் சொல்லுமுன் அந்தச் சுருளைப் பூசாரி ஒருமுறை படிக்க அனுமதி வேண்டும்."

மன்னர் தலையசைத்தார். பூசாரி படித்தார்.

"நான் திருடவில்லை. பிறர் வயலுக்குப் போகும் நீரைத் தடுக்கவில்லை. குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை. யாரையும் அழவைக்கவில்லை..."

"போதும் சுவாமி," என்றான் சென்பி. "அரசே, நாளை அரசியார் தராசின் முன் நின்று 'யாரையும் நான் அழவைக்கவில்லை' என்று சொல்வார்கள். அப்போது தேவர்கள் இந்தக் கலயங்களைப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றிலும் கண்ணீர் இருக்கிறது. அழுதவர் பெயரும் இருக்கிறது. அரசியாரின் சொல் பொய் என்று சாட்சி சொல்ல மூவாயிரம் பேரை நாமே அனுப்பிவைக்கிறோம். அரசியார் பக்கம் பேசப்போவது என் கலயம் ஒன்றுதான்."

ரெகூமி முன்னால் வந்தார். "சொல் விளையாட்டு, அரசே. இவை அன்பினால் வந்த கண்ணீர்."

"தராசுக்கு அன்பு தெரியாது ஐயா, எடைதான் தெரியும். உங்கள் கலயத்தில் இருப்பது அசல் கண்ணீர்தானே?"

ரெகூமி வாயைத் திறந்து, திறந்தபடியே நின்றார். அசல் என்றால் அரசிக்கு எதிர்ச்சாட்சி. இல்லையென்றால் மன்னரின் ஆணையை மீறிய குற்றம்.

"சொல்லுங்கள் ரெகூமி," என்றார் மன்னர்.

"கொஞ்சம்... வெங்காயம் சேர்த்தேன், அரசே."

"கொஞ்சமா?"

"வெங்காயம்தான், அரசே."

மன்னர் சிரித்தார். அறுபத்தொன்பது நாளாகப் பழக்கம் விட்டுப்போயிருந்த அந்தச் சிரிப்பு முதலில் இருமல்போலத்தான் கேட்டது. பிறகு அது தெளிந்து, தோள் குலுங்கும் அளவுக்கு வளர்ந்தது. சிரித்து முடித்தபோது அவர் முகம் மறுபடியும் கனத்துவிட்டது.

"முதல் வரிசையில் நிறைந்து நிற்பது என்னுடைய கலயம், சென்பி. நான் என்ன செய்யட்டும்?"

சென்பி அருகே போய் மண்டியிட்டான். "நாளை கல்லறை வாசலை அடைக்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள், அரசே. அரசியார் தராசைக் கடந்து போய்விடட்டும். அதற்குப் பிறகு அழுதால் அவர்களைக் கேள்வி கேட்க யாரும் இல்லை."

மன்னர் எழுந்து, தம் கலயத்தைத் தாமே எடுத்து முற்றத்து மாதுளைச் செடியின் அடியில் ஊற்றினார். மற்ற மூவாயிரத்தையும் ஆற்றில் கொட்டி, எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்கும் வேலை ரெகூமிக்குக் கிடைத்தது. சென்பிக்கு, அரசியின் கல்லறைக்கு எதிர்ப்பாறையில் இரண்டு பேருக்கு இடமுள்ள ஓர் அறையை மன்னர் எழுதித் தந்தார்.

மறுநாள் அரசியைக் கல்லறையில் வைத்தார்கள். கல்லை நகர்த்தி வாசலை மூடி, களிமண் பூசி முத்திரையிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பிய சென்பியின் முன் தாயா ரொட்டியும் பீரும் வைத்தாள். அவன் ரொட்டியைப் பிட்டான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டத் தொடங்கியது.

தாயா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அழுங்க," என்றாள். "இந்நேரம் அவங்க தராசைத் தாண்டிப் போயிருப்பாங்க."